வன்னியில் ஒரு நாள் மௌனத் தியானம்: பங்குகளுக்கான முழுமையான வழிகாட்டி

இலங்கையின் வடக்கே, வன்னியில், எங்கள் கத்தோலிக்கப் பங்குகளில் தியானம் என்றால் பெரும்பாலும் ஒலிபெருக்கி, வெளியூர்ப் போதகர், நாள் முழுக்கப் பிரசங்கம். அதற்கும் இடமுண்டு. இங்கே சொல்லப்படுவது வேறொன்று. பன்னிரண்டு முதல் இருபது பேர்வரை காலை 8 மணிக்குக் கூடி, பின்னேரம்வரை கதைக்காமல் இருந்து, வேதாகமத்தில் இரண்டே இரண்டு பகுதிகளைக் கேட்டு, வீட்டில் போய்ச் செய்வதற்கு ஒரேயொரு காரியத்தோடு திரும்புகிற நாள் இது. பெரிய பேச்சாளர் தேவையில்லை. ஒரு உபதேசியாரோ, மறையாசிரியரோ, அன்னையர் குழுவில் ஒருவரோ நடத்தலாம். பங்குத்தந்தையின் சம்மதமும், பின்னேரப் பூசைக்கு அவரும் இருந்தால் போதும்.

இந்த நாளுக்கு மாதிரி, இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர். நற்செய்தி நூல்களில் அவர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. மத்தேயுவின் முதல் இரண்டு அதிகாரங்களில் கனவில் நான்கு தடவை அவருக்கு அறிவிப்பு வருகிறது. நான்கு தடவையும் அவர் மறுமொழி சொல்வதில்லை, எழும்பி ஏதோ ஒன்றைச் செய்கிறார்: மரியாளை ஏற்றுக்கொள்கிறார், இரவோடிரவாகப் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போகிறார், திரும்பி வருகிறார், யூதேயாவைத் தவிர்த்துக் கலிலேயாவுக்கு விலகுகிறார். நாளின் முழு ஒழுங்கும் இதுதான்: கேட்பது, எழும்புவது, செய்வது. செயலில் போய் முடியாத மௌனம் நல்ல ஓய்வாக இருக்கலாம். அதற்கு ஒரு நாளும் ஒரு சமையலும் செலவழிக்கத் தேவையில்லை.

எது மௌனம் அல்ல என்பதை முதலிலேயே சொல்லுங்கள்

வன்னியில் 'பேசாமல் இரு' என்ற சொல்லுக்குத் தனி வரலாறு உண்டு. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தத் தாய்மாரில் ஒருவர் உங்கள் தியானத்துக்கு வரக்கூடும். 'அமைதியாகக் கீழ்ப்படியுங்கள்' என்று முன்னால் நின்று சொன்னால், வாயை மூடு என்றுதான் அவருக்குக் கேட்கும். அப்படிக் கேட்டால் பிழை அவருடையதல்ல.

ஆகவே தொடக்க அறிவுறுத்தலில் மாற்கு 10:46-52 ஐச் சுருக்கமாகச் சொல்லுங்கள். எரிக்கோவின் வழியோரத்தில் பார்வையற்ற பர்த்திமேயு கத்துகிறான். பேசாதே என்று அதட்டியது கூட்டம். இயேசு நின்று, அவனைக் கூப்பிடச் சொன்னார். நீதி கேட்டு நடுவரை விடாமல் தொந்தரவு செய்த கைம்பெண்ணைத் தளராத செபத்துக்கு உதாரணமாக வைத்தவரும் அவரே (லூக்கா 18:1-8). கடவுள் முன் மௌனமாய் இருக்கப் பழகுவது, மனிதர் முன் உண்மையைச் சொல்லாமல் விடுவதற்குப் பயிற்சி அல்ல. திருத்தூதர் பணிகள் 5:29 இல் பேதுரு சொன்னது ஆலோசனைச் சங்கத்தின் முகத்துக்கு நேரே சொன்னது: மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிய வேண்டும்.

இன்னொன்றை நேரடியாகவே சொல்லிவிடுங்கள். வீட்டில் அடிவாங்குகிற பெண்ணும், யாராலோ துன்புறுத்தப்படுகிற பிள்ளையும் பொறுத்துக்கொண்டு பேசாமல் இருப்பதைக் கீழ்ப்படிதல் என்று எந்தக் குருவானவரும், எந்த உபதேசியாரும் சொல்லக்கூடாது. இதை ஒரே வசனத்தில் சொன்னாலும் போதும், ஆனால் விடக்கூடாது. யாராவது ஒருவர் அதைக் கேட்பதற்காகவே வந்திருப்பார்.

நாளும் இடமும்

கூடாத நாட்களை முதலில் கழியுங்கள். தை, மாசியில் காலபோக நெல் அறுவடை. வெட்டும் மெசின் எப்போது வரும் என்று காத்திருக்கிறவருக்கு மௌனம் வராது. யூலை 2, ஓகஸ்ட் 15 மடு மாதா திருத்தலத்தின் திருவிழாக்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலை ஒட்டி முல்லைத்தீவுப் பக்கம் வீதியெல்லாம் சனமும் ஒலிபெருக்கியும். முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18 க்கு அதற்கேயான மௌனம் இருக்கிறது, அதன்மேல் இன்னொன்றை ஏற்ற வேண்டாம். மிஞ்சுவதில் மிகப் பொருத்தம் அறுவடை முடிந்து வரும் தவக்காலச் சனிக்கிழமை. பக்கத்துக் கோயிலில் திருவிழா, பக்கத்து வீட்டில் சாமத்தியச் சடங்கு இருக்கிறதா என்று இரண்டு கிழமைக்கு முன்னரே விசாரியுங்கள். ஏற்பாட்டாளர்கள் எல்லாம் செய்துவிட்டு மறப்பது இதைத்தான்.

பங்குக் கோயிலே போதும். வெளியே போக விரும்பினால் மடு. திருவிழாக் காலம் தவிர்ந்த கிழமை நாட்களில் அந்த மரநிழல் வளாகம் வெறிச்சோடிக் கிடக்கும். தங்குவதானால் திருத்தல நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அந்த இடத்தின் தொடக்கமே சத்தமில்லாத ஒன்று: 1670 இல் கத்தோலிக்கர் மீதான ஒல்லாந்தரின் கெடுபிடிக்குத் தப்பி, மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தன. 1687 இல் கோவாவிலிருந்து வந்த யோசே வாஸ் அடிகள் பிச்சைக்காரர் கோலத்தில் நுழைந்து, இரவுகளில் மறைந்து பூசை வைத்து, சிதறிய மக்களைச் சேர்த்தார். 2015 சனவரி 14 காலை கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்த திருத்தந்தை பிரான்சிஸ், அன்று பின்னேரமே மடுவுக்கு வந்தார்.

எந்த இடமானாலும் இரண்டு கட்டுப்பாடுகள். நடப்பது பாவனையில் உள்ள பாதையில் மட்டும். கண்ணிவெடி அபாயப் பலகை உள்ள பக்கம் மட்டுமல்ல, பலகை இல்லாத பற்றைக்குள்ளும் தனிமை தேடிப் போகக்கூடாது. குளக்கட்டில் நடக்கலாம், ஆனால் தண்ணீர் விளிம்பில் இருந்து செபிக்க வேண்டாம். எங்கள் குளங்களில் முதலை உண்டு. யானை நடமாட்டம் உள்ள ஊர்களில் எல்லோரும் பொழுதுபடமுன் வீடு சேர வேண்டும். தியான நாளை 4.30 க்கு முடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

20 பேருக்குத் தேவையானவை

குடிநீர் 60 லீற்றர், ஆளுக்கு மூன்று. வெயில் காலத்தில் தலையிடி வருவது ஆவியின் சோதனையால் அல்ல, தண்ணீர் குடிக்காததால். காலைக் கஞ்சிக்கு சிவப்புப் பச்சையரிசி ஒரு கிலோ, தேங்காய் மூன்று. மத்தியானத்துக்கு அரிசி மூன்றரைக் கிலோ (சமைப்பவர்களையும் சேர்த்து), பருப்பு ஒரு கிலோ, ஒரு மரக்கறி, ஒரு சம்பல். அப்பளம் வேண்டாம். இருபது பேர் பேசாமல் இருந்து அப்பளம் கடிக்கும்போது பெடியள் சிரிப்பார்கள், அதோடு அன்றைய மத்தியானம் போய்விடும். சாப்பாட்டைப் பார்சலாகக் கட்டி வைப்பது நல்லது. பரிமாறினால் 'போதும்', 'இன்னும் கொஞ்சம்' என்று பேச்சு வந்துவிடும்.

பாய்கள் போதும், ஆனால் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கதிரை வேண்டும். முழங்கால் நோகிறவர் முழங்காலைத்தான் தியானிப்பார். ஆளுக்கொரு திருவிவிலியம், நாற்பது பக்கக் கொப்பி, பென்சில். கிளிக் செய்கிற பேனை கொடுக்காதீர்கள். ஒரு கைமணி, ஒரு கைக்கடிகாரம், நுளம்புத்திரி, சில மருந்துகள். கைபேசிகளுக்கு மூடியுள்ள ஒரு பெட்டியும் பெயர்த் துண்டுகளும். கைபேசியை வாங்கி வைப்பதற்குச் சிலர் தயங்குவது நியாயம், வீட்டில் சுகமில்லாத தகப்பன் இருக்கலாம். அதனால் சமையலறையில் ஒரேயொரு கைபேசி திறந்திருக்கட்டும். அந்த இலக்கத்தை முதல்நாளே எல்லாருடைய வீட்டுக்கும் கொடுத்துவிட்டால் பெட்டிக்குள் போடத் தயங்க மாட்டார்கள்.

நாள் எப்படிப் போக வேண்டும்

8.00 க்குக் கஞ்சி, கதைக்கலாம். 8.30 க்கு அறிவுறுத்தல், 15 நிமிடம் மட்டும்: மேலே சொன்ன மறுப்புகள், மலசலகூடம் எங்கே, அவசரமென்றால் யாரிடம் போவது, மணியோசையின் பொருள். 8.45 க்கு முதல் மணி. அதிலிருந்து 3.15 வரை மௌனம்.

முதல் 20 நிமிடம் வெறுமனே இருக்க விடுங்கள். வசனம் இல்லை, பாட்டு இல்லை. முதுகு நேராக, பாதம் அல்லது தொடை தரையில் பதிந்திருக்க, கைகள் மடியில். கண்ணை மூட வேண்டும் என்று சொல்லாதீர்கள். நற்கருணைப் பேழையையோ, எரிகிற மெழுகுதிரியையோ, யன்னலுக்கு வெளியே மரத்தையோ பார்த்திருக்கலாம். மூச்சை மாற்ற வேண்டாம், அது போகிறபடி போகட்டும். மனத்துள் ஒரு சிறு வார்த்தை வைத்திருக்கலாம்: 'ஆண்டவரே, பேசும்.' முதல் சில நிமிடங்களில் கடன், பிள்ளையின் ரியூசன், மாட்டுக்கு வைக்கோல் எல்லாம் வரும். வந்ததை விரட்டச் சண்டை பிடித்தால் சண்டைதான் மிஞ்சும். கவனித்ததும் அந்த வார்த்தைக்குத் திரும்புவது, அவ்வளவுதான் வேலை. இருபது நிமிடத்தில் ஐம்பது தடவை திரும்பினாலும் அது தோல்வி அல்ல, ஐம்பது தடவை செய்த செபம்.

9.15 க்கு முதல் வாசகம், 1 சாமுவேல் 3. ஒருவர் மெதுவாக, இரண்டு தடவை வாசிக்கட்டும், இரண்டுக்கும் இடையில் மூன்று நிமிடம் விட்டு. பிறகு ஒவ்வொருவரும் தனியே போய் 40 நிமிடம் அதோடு இருப்பது. இதற்குப் பழைய ஒழுங்கு ஒன்று உண்டு. 12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியன் துறவி இரண்டாம் குய்கோ நான்கு படிகளாக எழுதிவைத்தார்: வாசித்தல், சிந்தித்தல், மன்றாடுதல், கடவுளோடு அமர்ந்திருத்தல். பழக்கமில்லாதவர்களுக்கு இப்படிச் சொன்னால் விளங்கும்: மனத்தில் தட்டிய ஒரு வரியைப் பிடியுங்கள், அது உங்கள் வீட்டில், வயலில், வேலைத்தலத்தில் எதைத் தொடுகிறது என்று பாருங்கள், அதைப் பற்றிக் கடவுளோடு உங்கள் சொந்தத் தமிழில் கதையுங்கள், பிறகு கதையை நிறுத்தி இருங்கள்.

அந்த அதிகாரத்தில் 'பேசும், உம் அடியேன் கேட்கிறேன்' என்ற வரியோடு எல்லாரும் நின்றுவிடுவார்கள். படமாகச் சுவரில் தொங்குவதும் அந்த வரிதான். நீங்கள் கடைசிவரை வாசியுங்கள். சிறுவன் சாமுவேலுக்குக் கிடைத்த செய்தி இனிமையானதல்ல. தன்னை வளர்த்த ஏலியின் வீட்டுக்கு வரப்போகும் தண்டனை அது. விடியும்வரை படுத்திருக்கிறான், சொல்லப் பயப்படுகிறான். ஏலி வற்புறுத்த, ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லுகிறான். இரவின் மௌனத்தில் கேட்டதற்குக் கீழ்ப்படிவது, விடிந்ததும் பெரியவர் ஒருவரின் முன்னால் கடினமான ஒன்றைப் பேசுவதாக முடிகிறது. கீழ்ப்படிதல் என்றால் தலையாட்டுவது என்று நினைத்து வந்தவர்களுக்கு இந்த இடத்தைக் காட்டாமல் விட்டால் நாளின் பாதி வீண்.

10.15 க்கு மௌனமாகவே தேநீர். 10.30 முதல் நடை: ஒருவரையொருவர் முந்தாமல், ஒவ்வொருவருக்கும் இடையில் பத்து அடி விட்டு, வளாகத்துக்குள்ளேயே. 11.15 க்கு இரண்டாம் வாசகம், சூசையப்பரின் கனவுகள்: மத்தேயு 1:18-25, பிறகு 2:13-23. ஊரைவிட்டு இரவில் புறப்பட்டு, எப்போது திரும்பலாம் என்று தெரியாமல் வேற்றிடத்தில் இருந்த குடும்பத்தின் கதை இது. வன்னியில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. நடத்துபவர் இடம்பெயர்வை இழுத்துவந்து பேசவும் வேண்டாம், கேட்கிறவர்கள் தாங்களே போவார்கள். 12.15 க்கு மூவேளைச் செபம், சாப்பாடு.

1.00 முதல் 2.00 வரை படுக்க விடுங்கள். இந்த ஒரு மணித்தியாலத்தைப் பக்தியின் பேரில் வெட்டுகிறவர்கள் உண்டு. வெட்டினால் அடுத்து வரும் ஆராதனையில் பாதிப்பேர் நித்திரை. 2.00 முதல் 2.45 வரை நற்கருணை ஆராதனை, பாட்டில்லாமல். தென்னிந்தியத் திருச்சபை, மெதடிஸ்த சபை அன்பர்களோடு சேர்ந்து நடத்தினால் இந்த நேரத்தில் திருப்பாடல் 62 ஐயும் 131 ஐயும் மெதுவாக வாசித்து இருக்கலாம். ஒப்புரவுக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) கணக்குப் பாருங்கள்: ஆளுக்கு ஐந்து நிமிடமென்றால் இருபது பேருக்கு 100 நிமிடம். ஆகவே குருவானவர் 1.00 மணிக்கே வந்து இருந்தால்தான் 2.45 க்கு முடியும்.

2.45 க்கு எழுதுதல் (கீழே விரிவாக). 3.15 க்கு மணி, மௌனம் முடிகிறது. இருவர் இருவராகப் பதினைந்து நிமிடம் பகிரலாம், விரும்பாதவர் விடலாம். 3.30 க்குப் பூசை. நற்கருணை வாங்கிய பின் பாடகர் குழுவை மூன்று நிமிடம் பொறுக்கச் சொல்லுங்கள். சொல்லி வைக்காவிட்டால் கீபோட் தொடங்கிவிடும்.

குழப்பங்களும் அவற்றின் காரணமும்

நாளைக் கெடுப்பவர்களில் முதலிடம் நடத்துபவருக்கே. பத்து நிமிடம் அமைதி நீண்டதும், சனம் சலித்துவிட்டதோ என்ற பயத்தில் 'இப்போது நாம் எல்லோரும் ஆண்டவரை நினைப்போம்' என்று தொடங்கிவிடுவார். சனம் சலிக்கவில்லை, அவருக்குத்தான் தாங்கவில்லை. நடத்துபவர் பேசக்கூடியதைத் தாளில் எழுதி, அதற்கு வெளியே ஒரு சொல்லும் பேசாதிருப்பது நல்லது. மென்மையான பின்னணி இசை போடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம்.

இளையோர் சிரித்தால் அதட்டாதீர்கள். முதல் அரை மணித்தியாலச் சிரிப்பு பதற்றம்தான், தானாக அடங்கும். நண்பர்களைப் பக்கத்தில் பக்கத்தில் இருத்தாமல் விட்டால் பாதி குறையும். சமையலறையை மண்டபத்திலிருந்து தள்ளி வையுங்கள், சமைக்கும் அம்மாமார் நாள் முழுக்க மௌனமாய் இருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது அநியாயம். குருவானவருக்குத் திடீரென்று மரணவீட்டு அழைப்பு வரலாம். அப்படியானால் பூசைக்குப் பதிலாக வாசகமும் பொது மன்றாட்டும் என்று முன்பே தீர்மானித்து வையுங்கள்.

கவனமாகப் பார்க்க வேண்டியது வேறு. போரைக் கண்டவர்களுக்கு நீண்ட அமைதி ஆறுதலாக மட்டும் வராது. செல் வீச்சுச் சத்தமும், விட்டுவந்த முகங்களும் வரும். அறையை இருட்டாக்காதீர்கள், கதவைப் பூட்டாதீர்கள், மணியை ஓங்கி அடிக்காதீர்கள், யாருக்கும் பின்னால் சத்தமில்லாமல் போய் நிற்காதீர்கள். ஒருவர் அழுதால் அழட்டும். யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் இருந்தார்களே, அதுவரை அவர்கள் செய்தது சரி. வாய் திறந்த பிறகுதான் பிழையானது. ஆனால் மூச்சு முட்டுவது, நடுங்குவது, கூப்பிட்டால் கேளாமல் உறைந்துபோவது அழுகை அல்ல. மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வெளியே கூட்டிக்கொண்டுபோய், பாதத்தைத் தரையில் ஊன்றச் சொல்லி, சுற்றிலும் தெரிகிற ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். தண்ணீர் கொடுங்கள். திரும்ப உள்ளே வர வற்புறுத்தாதீர்கள், அன்றைக்கு அவர் சமையலறையில் வெங்காயம் உரித்தாலும் அதுவே அவருடைய தியானம். 'விசுவாசம் போதாது' என்று யாரும் சொல்ல விடாதீர்கள். தொடர்ந்து தொல்லை இருந்தால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

எழுத வேண்டிய ஒரு காரியம்

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி மட்டும். ஏழு நாளுக்குள் செய்யக்கூடியது, ஒரு ஆளோடு தொடர்புடையது, நாள் குறிக்கக்கூடியது. 'இனிக் கோபப்பட மாட்டேன்' என்பது செல்லாது. 'செவ்வாய்க்கிழமை பின்னேரம் தம்பி வீட்டுக்குப் போய் எல்லைக் காணி விசயத்தை நானே தொடங்கிக் கதைப்பேன்' என்பது செல்லும். கடைக்காரரின் கொப்பியில் நிற்கும் கடனில் ஒரு பங்கு கட்டுவது, வீட்டாருக்குத் தெரியாமல் எடுத்த நுண்கடனைச் சொல்லிவிடுவது, பக்கத்து வளவில் தனியே இருக்கும் பெரியம்மாவுக்கு மருந்து வாங்கிக் கொடுப்பது, இவையெல்லாம் செல்லும். நோன்பு, நேர்த்தி, மடுவுக்கு நடந்து போவது முதலியவற்றை எழுதினால் மென்மையாகத் திருப்பிக் கேளுங்கள்: இது கடவுள் கேட்டதா, நீங்கள் கொடுக்க விரும்புவதா? சவுலிடம் சாமுவேல் சொன்னது இந்த இடத்துக்குத்தான்: பலியைவிடக் கீழ்ப்படிதல் சிறந்தது (1 சாமுவேல் 15:22). பெரிய நேர்த்தியைவிடத் தம்பி வீட்டுப் படலையைத் திறப்பது கடினம்.

எழுதியதைச் சோதிக்க: இது பத்துக் கட்டளைக்கும் என் கடமைக்கும் மாறானதா? இதைக் குருவானவரிடம் அல்லது நம்பிக்கையான ஒருவரிடம் வெளிப்படையாகச் சொல்ல முடியுமா? நினைக்கும்போது பயம் இருந்தாலும் அடியில் அமைதி இருக்கிறதா? இரகசியமாக வைத்தால்தான் நடக்கும் என்றால் அதை எழுத வேண்டாம். வேலையை விடுவது, காணியை விற்பது, திருமணம், துறவறம் போன்ற பெரிய முடிவுகளுக்கு ஒரு நாள் மௌனம் போதாது. மனம் சோர்ந்து இருண்டிருக்கும் வேளையில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பது இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் கொடுத்த விதி, அதையும் சொல்லி வையுங்கள்.

வீட்டில் தொடர்வது

இரண்டு அறை வீட்டுத்திட்ட வீட்டில் ஏழு பேர் இருக்கும்போது 'உள்ளறைக்குப் போய்க் கதவைப் பூட்டிச் செபி' என்று இயேசு சொன்னதைச் செய்வது எப்படி? நேரத்தைத்தான் அறையாக்க வேண்டும். விடிய 4.45 க்கு, தண்ணீர் மோட்டர் போடமுன், அடுப்பு மூட்டமுன், 15 நிமிடம் வெளித்திண்ணையில். இயேசுவும் இருட்டோடே எழும்பித் தனியிடத்துக்குப் போனார் என்று மாற்கு 1:35 சொல்கிறது. யானைக்காக வயல் கொட்டிலில் காவல் இருப்பவருக்கு நேரம் இருக்கிறது, கைபேசியை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற பிள்ளைகள் பஸ்ஸில் காதில் எதையும் மாட்டாமல் பத்து நிமிடம் யன்னலைப் பார்த்திருக்கலாம்.

இரவில் படுக்கமுன் பத்து நிமிட ஆய்வு: இன்றைக்கு நன்றி, பார்க்க வெளிச்சம் கேட்பது, விடிந்தது முதல் நடந்ததைத் திரும்பப் பார்ப்பது, பிழைத்ததற்கு மன்னிப்பு, நாளைக்கு ஒன்று. பெரும்பாலும் மூன்றாம் படியிலேயே நித்திரை வந்துவிடும், பரவாயில்லை.

நாளாந்த மௌனத்தை வாழ்க்கையாகவே கொண்டவர்களைப் பார்க்க விரும்பினால் யாழ்ப்பாணத்துத் தோலகட்டிக்குப் போகலாம். 1928 இல் அங்கே தொடங்கிய செபமாலைத் தாசர் சபையை எங்கள் ஆட்கள் நெல்லிக் கிறஷ் என்ற பானத்துக்காகத்தான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அதைச் செய்கிற கைகள் மீதி நேரம் ஆராதனையில் இருக்கின்றன.

தியானம் முடிந்து எட்டாம் நாள், ஞாயிறு பூசைக்குப் பிறகு, வந்தவர்களைக் கால் மணித்தியாலம் கூட்டுங்கள். ஒரே கேள்வி: 'எழுதினதைச் செய்தீங்களா?' என்ன எழுதினார்கள் என்று கேட்க வேண்டாம். ஆம், இல்லை, பாதி என்ற மூன்று மறுமொழிகளும் போதும். முதலில் மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பிறகு திராட்சைத் தோட்டத்துக்குப் போன மகனை (மத்தேயு 21:28-31) 'இல்லை' என்றவர்களுக்கு நினைவூட்டி, இன்னும் ஏழு நாள் தவணை கொடுங்கள். அடுத்த தியானத் திகதியையும் அன்றைக்கே குறித்து, சமையலுக்கு இந்தமுறை வேறு மூன்று பேரைக் கேளுங்கள். போனமுறை சமைத்தவர்கள் இம்முறை பாயில் இருக்கட்டும்.